கடல் தாண்டிப் போற டப்பா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஓரமா ஒரு வரிதான் போட்டிருந்தோம், வெளிநாட்டுல இருக்கற உங்க வீட்டு ஆளுக்கு பார்சல் அனுப்பறதுல என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு. வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் எண்ணி மாளல. நான் தபால்துறையில பார்சல் கவுண்டர்லயே 22 வருஷம் உக்காந்திருந்தவ, இப்ப என் பொண்ணும் ஜெர்மனியில இருக்கா, அதனால கவுண்டருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டுமே எனக்குப் பழக்கம். எல்லாத்துக்கும் பதில் எழுத பக்கம் பத்தாது, நிறைய பேருக்கு உபயோகப்படற மாதிரி ஏழு கேள்வி எடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, என் பையன் மூனிக்ல எம்.எஸ். படிக்கப் போய் மூணு மாசம் ஆச்சு. பிரெட்டும் பாஸ்தாவும் தின்னு நாக்கு செத்துப்போச்சும்மாங்கறான். முறுக்கு, அதிரசம், பால்கோவா, நெய், பச்சை கறிவேப்பிலை, ஊறுகா எல்லாம் சேத்து ஒரு 10 கிலோ அனுப்பலாம்னு இருக்கேன். இதுதான் முதல் தடவை. எப்படி பேக் பண்றது?
பாளையங்கோட்டை வாசகி

பதில்: பால்கோவாவையும் நெய்யையும் இப்பவே தனியா எடுத்து வெச்சிடுங்கம்மா. ஐரோப்பிய யூனியன் நாடுங்களுக்கு வெளியிலேருந்து போற பார்சல்ல இறைச்சியும் பால் பொருளும் வரக்கூடாது, நம்ம மாடுங்களுக்கு வர்ற கோமாரி மாதிரி நோய் அந்த வழியா உள்ள வந்துடும்னு அவங்களுக்கு பயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019லயே புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, ஆனா அங்க கஸ்டம்ஸ் டேபிள்ல அது வெறும் பால் பொருள்தான், எடுத்துப் போட்டுடுவாங்க. பச்சை கறிவேப்பிலையும் அப்படித்தான், இலை தழைன்னாலே அந்த ஊருக்கு தனி சான்றிதழ் வேணும். நிழல்ல காயவெச்சு வறுத்து உளுந்து சேத்து பொடியா அரைச்சு அனுப்புங்க, அவனும் நெய் அங்கயே வாங்கிக்குவான், சுடுசோத்துல போட்டுப் பிசைஞ்சா போதும்.

அடுத்தது எடை. 10 கிலோ வேண்டாம், முதல் தடவை 3 கிலோவோட நிறுத்திக்கங்க. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்பற பரிசுக்கு 45 யூரோ வரைக்கும்தான் அங்க வரி கிடையாது. அதுக்கு மேல போனாலோ, இல்ல உள்ள என்ன இருக்குன்னு புரியலன்னாலோ, வீட்டுக்கு ஒரு லெட்டர் மட்டும்தான் வரும், பிள்ளை சுங்க அலுவலகத்துக்கு நேர்ல போய் நிக்கணும். என் பொண்ணு போனா. நான் ஊர்ல இல்லாத நேரம், வீட்டுக்காரர் ஒரு ஏஜென்ட்கிட்ட குடுத்திருந்தார், அந்த ஆள் ஃபாரத்துல மொத்தத்துக்கும் சேத்து ஃபுட் ஐட்டம்ஸ்னு ரெண்டே வார்த்தை எழுதிட்டார். இவ அரை நாள் லீவு போட்டுட்டு ரெண்டு பஸ் மாறிப் போனா, அங்க இவ கையிலயே ஒரு கட்டரைக் குடுத்து அவங்க முன்னாடி பிரிக்கச் சொல்லியிருக்காங்க. வெங்காய வடகத்தைக் கையில தூக்கிப் பிடிச்சு இது என்னன்னு கேட்டா ஜெர்மன் மொழியில என்னன்னு சொல்லுவா பாவம், அழுகையே வந்துடுச்சும்மான்னு சொன்னா. அப்புறம் விட்டுட்டாங்க.

அதனால ஃபாரம் எழுதறதைத்தான் நான் எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லுவேன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கஸ்டம்ஸுக்குச் சொல்ல தபால்ல சிஎன் 22, சிஎன் 23னு ரெண்டு ஃபாரம் இருக்கு, சுவிட்சர்லாந்து பெர்ன்ல 1874ல ஆரம்பிச்ச உலக தபால் ஒன்றியத்தோட ஃபாரம் அது, எல்லா நாட்டுலயும் ஒண்ணேதான், அதனாலதான் பாளையங்கோட்டையில நீங்க எழுதறது மூனிக்ல இருக்கறவருக்குப் புரியுது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரியா இங்கிலீஷ்ல எழுதுங்க. பருப்புப் பொடின்னா ரோஸ்டட் லென்டில் பவுடர் 250 கிராம், முறுக்குன்னா ஃப்ரைட் ரைஸ் ஃப்ளோர் ஸ்நாக் 500 கிராம், அப்பளம்னா ட்ரைட் லென்டில் வேஃபர், அது அதுக்கு நேரா ரூபாய் மதிப்பு. மதிப்பை சும்மா பூஜ்யம்னு போட்டா அங்க இருக்கறவருக்கு அங்கதான் சந்தேகமே வரும். என்ன செலவாச்சோ அதைப் போடுங்க, கிஃப்ட்ங்கற கட்டத்துல டிக் பண்ணுங்க. வீட்டுல அரைச்சதுன்னா ஹோம்மேட்னும் சேத்து எழுதிடுங்க.

இனி பேக்கிங். அதிரசத்துல பாகோட ஈரம் இருக்கும், டப்பாக்குள்ள 10 நாள் 15 நாள் மூடிக்கெடந்தா பூஞ்சை பிடிக்க வாய்ப்பிருக்கு, அதை அவன் லீவுக்கு வரும்போது சுட்டுக் குடுங்க. அதுக்குப் பதிலா உங்க பக்கத்து கோவில்பட்டி கடலை மிட்டாய் வெய்யுங்க, கெட்டிப் பாகு, ஒண்ணும் ஆகாது. பொடியை அரைச்ச சூட்டோட கட்டாதீங்க, இதுல ஏமாந்தவங்கதான் அதிகம். பேப்பர்ல பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிட்டு காலையில கட்டுங்க, உப்பையும் வெறும் சட்டியில வறுத்துப் போடுங்க, கல் உப்புல ஈரம் இருக்கும். முறுக்கை எவர்சில்வர் டப்பாவுல வெச்சா எடை ஏறிடும், மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பா போதும், இடுக்கு எல்லாம் பொரியைக் கொட்டி நிரப்பிடுங்க. பொரிக்கு எடையே கிடையாது, முறுக்கும் ஆடாது, அவனும் ஒருநாள் அதைத் தாளிச்சு சாப்பிட்டுக்குவான். அப்படியே பொரியையும் ஃபாரத்துல ஒரு வரி எழுதிடுங்க.

ஊறுகாய்ல எண்ணெய் மிதக்கற மாங்கா ஊறுகாயை விட சுண்ட வதக்கின தக்காளித் தொக்கோ புளிக்காய்ச்சலோ நல்லது. பாட்டில் வாய் மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வெச்சு மூடியைத் திருகி, மூடியைச் சுத்தி டேப் போட்டு, ரெண்டு ஜிப்லாக் கவருக்குள்ள போட்டு, பெட்டிக்கு நடுவுல நிமிர்த்தி வெய்யுங்க. கவுண்டர்ல எத்தனையோ தடவை பெட்டியைத் தூக்கினதும் என் உள்ளங்கையில எண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு, அந்த எண்ணெய் அந்தப் பெட்டியோட நிக்காது, பையில கூடப் போற அத்தனை பேர் பார்சல்லயும் இறங்கும். சுத்தி இடைவெளிக்கு தெர்மாகோல் வாங்காதீங்க, அவனுக்கு வேண்டிய துண்டு, பனியன், ஒரு போர்வைன்னு சுருட்டி அடைங்க. அஞ்சு ப்ளை அட்டைப்பெட்டியா கேட்டு வாங்கி, மூடினதும் ஆட்டிப் பாருங்க, உள்ள டொக்குன்னு சத்தம் வந்தா மறுபடி பிரிச்சு அடைக்கணும். அந்தக் காலத்துல எல்லாம் வெள்ளைத் துணி போட்டு கோணூசியால தைச்சு, தையல் மேல அரக்கு உருக்கி முத்திரை வெச்சு கொண்டு வருவாங்க, மேல நீலப் பென்சில்ல விலாசம் இருக்கும். இப்ப ஒட்டற ஸ்டிக்கர் மழையில உரிஞ்சிடுது. அதனால ரெண்டு விலாசமும் அவன் ஃபோன் நம்பரும் எழுதின ஒரு துண்டுச்சீட்டை பெட்டிக்கு உள்ளயும் போட்டு வெய்யுங்க, மேல உள்ளது கிழிஞ்சாலும் பார்சல் அனாதையா நிக்காது.

கேள்வி: மேடம், என் வீட்டுக்காரர் சவுதியில டிரைவரா இருக்கார். எங்க தெருவுல ஒரு அண்ணன் லீவு முடிஞ்சு அடுத்த வாரம் அங்க திரும்பப் போறார், அவர்கிட்ட மசாலாப் பொடி, கொப்பரைத் தேங்கா, அவருக்கு கால் மதமதப்புக்கு இங்க டாக்டர் குடுத்த மாத்திரை மூணு மாசத்துக்கு, எல்லாம் குடுத்து விடலாம்னு இருக்கேன். சின்ன பை தான், கேட்டா தட்டமாட்டார். சரியா?
ராமநாதபுரம் வாசகி

பதில்: தங்கச்சி, பையைக் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு. இத்தனை லெட்டர்ல என்னைப் பதற வெச்சது உன் லெட்டர்தான்.

மசாலாப் பொடியில கசகசா சேப்பியா? குருமா மசாலான்னா நம்ம வீடுங்கள்ல கண்டிப்பா ஒரு கரண்டி விழும். கசகசா ஓப்பியம் செடியோட விதை, சவுதியிலயும் துபாய்லயும் அதைப் போதைப்பொருள் கணக்குலதான் வெச்சிருக்காங்க, சிங்கப்பூர்லயும் தடைதான். சமையலுக்குன்னு நீ நினைச்சது அங்க எடுபடாது. முழுசா மட்டும் இல்ல, அரைச்ச பொடியிலயும் வேண்டவே வேண்டாம். அதுக்குப் பதிலா முந்திரி போட்டு அரைச்சுக்க.

மாத்திரை அதை விட பெருசு. கால் மதமதப்பு, நரம்பு எரிச்சலுக்கு இங்க சர்க்கரைக்காரங்களுக்கு நிறைய எழுதிக் குடுக்கற ப்ரீகாபலின் அந்த நாடுங்கள்ல கட்டுப்பாட்டு மருந்து. வலிக்குக் குடுக்கற ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை எல்லாமும் அதே கணக்கு. இங்க தெருமுனை மெடிக்கல்ல கிடைக்கறது அங்க ஏர்போர்ட்ல கைது வரைக்கும் கொண்டுபோகும். மாட்டறது உன் வீட்டுக்காரர் இல்லம்மா, உன் பையை நம்பித் தூக்கிட்டுப் போற அந்த அண்ணன். அவருக்கும் வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க. அட்டையில இருக்கற மருந்துப் பேரை ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பு, சவுதியில தனியார் கம்பெனி தொழிலாளிக்கு முதலாளி மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு, அந்தக் கார்டோட அவர் அங்கயே டாக்டரைப் பார்த்து அங்கயே எழுதி வாங்கிக்கட்டும். கூச்சப்பட்டுகிட்டு போகாம இருப்பாங்க நம்ம ஆளுங்க, நீ ஃபோன்ல சொல்லிச் சொல்லி அனுப்பணும்.

கொப்பரையை ஏர்லைன்ஸ்லயே எடுக்க மாட்டாங்க. எண்ணெய்ச் சத்து ஜாஸ்திங்கறதால மூடிக்கெடக்கற இடத்துல தானா சூடேறி தீப்பிடிக்கும்னு அதை ஆபத்தான சரக்குப் பட்டியல்ல வெச்சிருக்காங்க. கற்பூரமும் அந்தப் பட்டியல்தான்.

மீதி என்ன குடுத்தாலும் அந்த அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாடி ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டி, அவர் பாக்கப் பாக்கக் கட்டு. தைச்சு ஒட்டி மூட்டையா கையில குடுக்காத. அவர்கிட்டயும் சொல்லு, கடைசி நேரத்துல வேற யாராவது ஏர்போர்ட் வாசல்ல வந்து இதையும் என் தம்பிகிட்ட குடுத்துடுங்கன்னு ஒரு பொட்டலம் நீட்டினா, தெரிஞ்சவரா இருந்தாலும் பிரிச்சுப் பாக்காம வாங்கக்கூடாது. பிறத்தியார் பையைத் தூக்கிட்டுப் போய் வருஷக்கணக்குல ஜெயில்ல கெடந்தவங்க கதை வளைகுடா போன எல்லா ஊர்லயும் ஒண்ணாவது இருக்கு.

கேள்வி: அம்மா, அமெரிக்காவுல என் பேத்திக்குப் பொண்ணு பொறந்திருக்கா, எனக்குக் கொள்ளுப்பேத்தி. என்னால ஃப்ளைட் ஏற முடியாது. உரை மருந்து, வசம்பு, சுத்தமான மலைத்தேன், வீட்டுல சுட்ட கண்மை, பிரசவ லேகியம், ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு இதெல்லாம் அனுப்பணும். என்ன வழி?
கோயம்புத்தூர், 79 வயசு வாசகி

பதில்: பாட்டிம்மா, மொதல்ல குழந்தைக்கு என் ஆசீர்வாதம். நீங்க கேட்டதுல முக்கால்வாசி வேண்டாம்னுதான் நான் சொல்லப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

வசம்பை சாப்பாட்டுல சேக்கறதை அமெரிக்காவுல 1968லயே தடை பண்ணிட்டாங்க, எலிங்களுக்குக் குடுத்துப் பாத்ததுல கட்டி வந்துச்சுங்கறது காரணம். தேனை எந்த நாட்டு டாக்டரும் ஒரு வயசு முடியாத குழந்தைக்குக் குடுக்க விடமாட்டார், நம்ம ஊர் டாக்டரும்தான், அதுல இருக்கற ஒரு கிருமி சின்னக் குழந்தை வயித்துல விஷமாயிடும். எவ்வளவு சுத்தமான மலைத்தேனா இருந்தாலும் அதேதான். கண்மை விஷயத்துல அங்க ரொம்பக் கண்டிப்பு, ஈயம் கலந்த மை நிறைய பிடிபட்டதால. நீங்க விளக்கெண்ணெய்த் திரியில சுட்டது ஈயம் இல்லாததுதான், ஆனா அது அந்த ஆபீஸருக்கு எப்படித் தெரியும், பேத்திக்கும் டாக்டர்கிட்ட பதில் சொல்ற சங்கடம். லேகியத்தை அப்படியே அனுப்பறதுக்கு பதிலா என்னென்ன எவ்வளவுன்னு உங்க கையெழுத்துல ஒரு தாள்ல எழுதி அனுப்புங்க, சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி எல்லாம் அங்க இந்தியன் ஸ்டோர்லயே இருக்கு. அவ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, நீங்க வீடியோ கால்ல உக்காந்து பதம் சொல்லச் சொல்ல அவ கிளறட்டும். கொலுசு தபால்ல வேண்டாம், யாராவது சொந்தக்காரங்க போகும்போது கையில குடுத்து விடுங்க.

உங்ககிட்ட இருந்து போக வேண்டியது ஒண்ணு இருக்கு பாட்டிம்மா, அது அமெரிக்காவுல எந்தக் கடையிலயும் கிடையாது. நீங்க கட்டி கட்டி நைஞ்சு போன பருத்திச் சேலை. ரெண்டு எடுத்து கஞ்சி போடாம அலசி, நல்ல வெய்யில்ல காயவெச்சு, குழந்தையைச் சுத்தற அளவுக்கு நாலா கிழிச்சு ஓரம் அடிச்சு அனுப்புங்க. ஃபாரத்துல யூஸ்டு காட்டன் கிளாத், கிஃப்ட்னு எழுதினா போதும். புதுத் துணி எதுவும் அந்த மென்மைக்கு வராது, குழந்தை உங்க வாசனையிலயும் தூங்கும்.

இன்னொண்ணு, அமெரிக்காவுக்கு இப்ப பார்சல் விதி அடிக்கடி மாறுது. 800 டாலர் வரைக்கும் வரி இல்லங்கற சலுகையை அவங்க எடுத்துட்டதால 2025 ஆகஸ்ட் கடைசியிலேருந்து நம்ம தபால்துறை அங்க பார்சல் வாங்கறதையே நிறுத்தி வெச்சிருந்தாங்க, அக்டோபர் 15லேருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க, வரியை இங்க புக் பண்ணும்போதே கட்டற மாதிரி. அதனால பெட்டி கட்டறதுக்கு முன்னாடி பேரனையோ யாரையோ கவுண்டருக்கு அனுப்பி அன்னைக்கு நிலவரம் என்னன்னு கேட்டுக்கங்க. வீட்டுல செஞ்ச பலகாரத்தை சொந்தக்காரங்களுக்குப் பரிசா அனுப்பினா, கடைச் சரக்குக்குக் கேக்கற மாதிரி முன்கூட்டி அங்க உணவுத்துறைக்குத் தகவல் குடுக்கணும்ங்கற விதி கிடையாது. சத்துமாவு, பருப்புப் பொடி அனுப்பறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

கேள்வி: சிட்னியில இருக்கற தங்கச்சி இந்த வருஷம் முதல் தடவையா கொலு வைக்கறா. விளாச்சேரி பொம்மை ஒரு செட், மாவிலைத் தோரணம், கொஞ்சம் நவதானியம் அனுப்பணும்.
மதுரை வாசகர்

பதில்: பொம்மை மட்டும் அனுப்புங்க. மாவிலை, முளைக்கற விதை ரெண்டும் ஆஸ்திரேலியாவுக்குள்ள போகாது, சுண்டலுக்குக் கடலை அங்க கடையிலயே கிடைக்கும், தோரணத்துக்கு துணியில செஞ்சது விக்குது. நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன்: பொம்மை வாங்கற இடத்துல வைக்கோல் சுத்தித்தான் குடுப்பாங்க, அந்த வைக்கோலோட போனா பார்சலே மாட்டிக்கும். மொத்த வைக்கோலையும் உதறி எடுத்துட்டு, பொம்மை அடியில ஓட்டைக்குள்ள ஒட்டிட்டிருக்கற துரும்பு, மண்ணு வரைக்கும் பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி, பபிள் ராப் சுத்துங்க. களிமண் பொம்மையை விட காகிதக்கூழ் பொம்மை எடை பாதிதான் வரும், உடையறதும் குறைவு, கேட்டு வாங்குங்க. மரப்பாச்சியும் வெக்கறதா இருந்தா பூச்சி அரிச்ச ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல பாத்துட்டு வெய்யுங்க, ஃபாரத்துல மரம்னு மறைக்காம எழுதுங்க. கூடவே விபூதி வெப்பீங்க, தெரியும். வெள்ளைப் பொடியை வெறும் காகிதத்துல மடிச்சு வெச்சா யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வரும், கோயில் பேர் அச்சடிச்ச பாக்கெட்டாவே வெய்யுங்க.

கேள்வி: அக்கா, மகள் ரொறன்ரோவில இருக்கிறா. வறுத்துத் திரிச்ச மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி இதுகளை அனுப்பலாமோ? அவவுக்கு கூழ் காய்ச்ச ஆசையாம்.
யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு தாய்

பதில்: தாராளமா அனுப்புங்கம்மா, மூணுமே காஞ்ச பொருள்தான். கனடாவுல பரிசுப் பார்சலுக்கு 60 கனடா டாலர் மதிப்பு வரைக்கும் வரி கிடையாது, அதுக்குள்ள வெச்சுக்கங்க. ஒடியல்மா, அதாவது காஞ்ச பனங்கிழங்கு மாவு, அதை வெறும் மான்னு எழுதாதீங்க, பால்மைரா ரூட் ஃப்ளோர்னு எழுதுங்க. பனங்கட்டி, அதாவது கருப்பட்டி, குட்டான்ங்கற ஓலைப்பெட்டியோட இருந்தா ஓலையைக் கழட்டிட்டு பாலித்தீன் கவர்ல கட்டுங்க, ஈரத்துல இளகி மத்ததுல ஒட்டும், ஓலை காஞ்சதா இருந்தாலும் செடிப் பொருள்னு நிறுத்தக்கூடும். மிளகாய்த்தூள் மூணு கவர் போட்டே ஆகணும். ஒரு தடவை மிளகாய்த்தூள் மூட்டை பிரிஞ்சு எங்க ஆபீஸ்ல பாதி பேர் தும்மித் தும்மி வெளியில ஓடினோம், அந்தத் தூளை அள்ளி மறுபடி பெட்டியில வெக்க முடியாம போச்சு, அனுப்பின அம்மா முகம் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

கேள்வி: கொரியர்காரங்க கிலோ இவ்வளவுன்னு போர்டு போட்டிருந்தாங்க, என் பெட்டி வீட்டு தராசுல 5 கிலோ, ஆனா 13 கிலோவுக்கு பில் போட்டாங்க. ஏமாத்தறாங்களா?
திருப்பூர் வாசகர்

பதில்: இல்ல தம்பி, நீங்க பெட்டியைத்தான் பெருசா எடுத்துட்டீங்க. கொரியர்ல நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, அதுவும் நிஜ எடையும் எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் காசு. 40க்கு 40க்கு 40 பெட்டின்னா 64,000, வகுத்தா 12.8, அதான் 13 கிலோ. அப்பளம், வத்தல், பொரி மாதிரி காத்தா இருக்கற சரக்குக்கு எல்லாரும் இங்கதான் அடிபடுவாங்க. பெட்டியை 30க்கு 30க்கு 25ல அடக்கியிருந்தா நாலரை கிலோ கணக்குதான் வந்திருக்கும், நிஜ எடை 5க்கு மட்டும் கட்டியிருப்பீங்க. சின்னதா 2 கிலோவுக்குள்ள அனுப்பறதா இருந்தா தபாலாபீஸ்ல இன்டர்நேஷனல் ட்ராக்டு பாக்கெட்னு கேட்டுப் பாருங்க, முன்னாடி இருந்த ஸ்மால் பாக்கெட்டை 2026 ஜனவரியிலேருந்து நிறுத்திட்டாங்க, நாள் கொஞ்சம் கூட ஆகும், காசு நல்லா குறையும். அவசரம்னா ஸ்பீட் போஸ்ட். எங்க போனாலும் ஆதார் காப்பியும், ஃபாரத்துல எழுத பொருள் பட்டியலும் கையில இருக்கட்டும். எடை போடற மெஷின்ல நம்பரை நீங்களே பாத்துட்டு காசு குடுங்க.

கேள்வி: ஆன்ட்டி, நான் டப்ளின்ல நர்ஸா இருக்கேன். அம்மா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 8 கிலோ பார்சல் அனுப்பறாங்க. நான் தனி ஆள், வீட்டுல ஒரே ஷெல்ஃப், நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்தா சமைக்கவே முடியறதில்ல, பொடி எல்லாம் வண்டு வந்து போன வாரம் குப்பையில போட்டேன், போட்டுட்டு உக்காந்து அழுதேன். அம்மாகிட்ட அனுப்பாதீங்கன்னு எப்படிச் சொல்றது? சொன்னா அவங்க உடைஞ்சு போயிடுவாங்க.
டப்ளினிலிருந்து ஒரு வாசகி

பதில்: கண்ணு, நீ குப்பையில போட்டதுக்கு அழுதேன்னு எழுதியிருந்தியே, அந்த இடத்துல நானும் கொஞ்ச நேரம் படிக்கறதை நிறுத்திட்டேன். நீ தப்பு பண்ணல.

உன் அம்மா பக்கம் என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன், ஏன்னா நானும் அந்தப் பக்கம்தான். பொண்ணு வெளிநாடு போனதும் வீட்டுல அவளுக்காகச் செய்யறதுக்கு ஒரு வேலையும் இருக்காது. காலையில அவளுக்கு டிஃபன் கட்ட வேண்டாம், ராத்திரி அவளுக்காக முழிச்சிருக்க வேண்டாம். மொளகா காயவெச்சு, மெஷினுக்குப் போய் வரிசையில நின்னு, ஆறவெச்சு, கட்டி, ஃபாரம் எழுதி, அப்புறம் 12 நாள் ட்ராக்கிங் நம்பரைப் பாத்துட்டே இருக்கறது, இது ஒண்ணுதான் அவங்களுக்கு உன்னோட மிச்சம் இருக்கற வேலை. அனுப்பாதீங்கன்னு சொன்னா அந்த வேலையையும் பிடுங்கற மாதிரி அவங்களுக்கு இருக்கும். அதனால அனுப்பாதீங்கன்னு சொல்லாத, இதை அனுப்புங்கன்னு சொல்லு. பொதுவா எதுவும் வேணாம்மான்னு நீ சொன்னா அந்த வேணாம் அவங்க காதுல ஏறவே ஏறாது, பிள்ளை நம்ம செலவைப் பாத்து சொல்லுதுன்னு ரெண்டு மடங்கா வைப்பாங்க. பேர் சொல்லி அளவு சொல்லிக் கேளு. நைட் ட்யூட்டிக்காரிக்கு சமைக்க நேரம் இல்ல, அதனால பொடி வேண்டாம், வெந்நீர் ஊத்தினா போதும்ங்கற மாதிரி வறுத்த அவல்ல தாளிச்சுக் கொட்டின புளி அவல் மிக்ஸ், ரசப்பொடி உருண்டை, பையில போட்டு வார்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி சின்னச் சின்ன கடலை மிட்டாய், இப்படி. மொத்தம் 2 கிலோ தாண்டக் கூடாதுன்னு சொல்லு, டப்ளின்ல பால் பொருள் பிடிப்பாங்கன்னும் சொல்லிடு, மூனிக் தம்பியோட அம்மாவுக்கு மேல சொன்ன அதே விதிதான் உனக்கும். பொடி வந்தா ஃப்ரீஸர்ல வெய், வண்டு வராது.

பார்சல் வந்ததும் நீயா பிரிச்சுப் பாத்துட்டு வந்துடுச்சும்மான்னு ஒரு மெசேஜ் போட்டு முடிச்சிடாத. தூக்கம் போனாலும் பரவாயில்ல, வீடியோ கால் போட்டு அவங்க பாக்க டேப்பைக் கிழி. எது உடைஞ்சுது, எது கசிஞ்சுதுன்னு அவங்களும் பாக்கட்டும், அடுத்த தடவை கட்டும்போது அது அவங்களுக்கு உதவும்.

என் பொண்ணு வீட்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி போயிருந்தேன். சமையக்கட்டுல சக்கரை எடுக்க அலமாரிக் கதவைத் திறந்தா, கதவோட உள்பக்கம் முழுக்க துண்டுத் துண்டா காகிதம் ஒட்டியிருக்கு. எல்லாம் என் வீட்டுக்காரர் கையெழுத்து. சாம்பார் பொடி, ஆடி மாசம் அரைச்சது. நார்த்தங்காய், உப்பு தூக்கல், பாத்துப் போடு. மோர் மொளகா, நம்ம மொட்டைமாடியில காஞ்சது. ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் அவர் ஒட்டி அனுப்பின சீட்டு, ஆறு வருஷத்து சீட்டு, ஒண்ணு விடாம உரிச்சு எடுத்து ஒட்டி வெச்சிருக்கா. அவர் போய் அப்ப எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. நான் சக்கரை டப்பாவைக் கையில வெச்சிட்டு நின்னுட்டேன், அவ பின்னாடி வந்து, பொடியெல்லாம் பாதிக்கு மேல கெட்டுதான்மா போச்சு, இதை மட்டும் எடுத்து வெச்சேன்னா.

உன் அம்மாகிட்ட அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணும்போது கேளு, நார்த்தங்கா ஊறுகா 200 கிராம் போதும்மா, எண்ணெய் இல்லாம உப்புல காஞ்சதா வெய்யுங்க, மேல என்னன்னு உங்க கையாலயே தமிழ்ல எழுதி ஒட்டுங்கன்னு. கஸ்டம்ஸ் ஃபாரத்துல மட்டும் இங்கிலீஷ்ல ட்ரைட் சால்ட்டட் சிட்ரஸ் பிக்கிள்னு போடச் சொல்லு.